‘கடன் ஏதுமில்லை’ என்று சத்தியம் செய்துவிட்டு மறைந்த கம்பெனி: பதிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கம்பெனிகளின் பதிவையும் பதிவு நீக்கத்தையும் நடத்தும் அதிகாரிகளுக்கும், கம்பெனிகள் சட்டத்தைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்களுக்கும்,

திருப்பூரில் 24 தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது பிற கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைக் கூலிக்குத் தைக்கும் வேலை, செய்கிறவள் நான். 2022 நவம்பரிலிருந்து 2023 பிப்ரவரி வரை ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு 13 பில் போட்டேன். வரியோடு சேர்த்து 11,86,500 ரூபாய். அதில் ஒரு பைசா இன்றுவரை என் கைக்கு வரவில்லை. 2023 டிசம்பரில் அந்தக் கம்பெனியின் பெயர் உங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கச் சொல்லி விண்ணப்பித்தபோது அதன் இரண்டு இயக்குநர்களும் பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை என்று அதில் எழுதி, நோட்டரி முத்திரையோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் அலுவலகத்தில் யாரும் தப்பு செய்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாளில் பார்த்தால் எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கிறது. அந்த விதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரில் ‘கம்பெனிக்குப் போறேன்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். கம்பெனி என்றால் ஒரு ஷெட், மிஷின்கள், வாசலில் நிற்கும் டெம்போ, உள்ளே உட்கார்ந்திருக்கும் முதலாளி எல்லாம் சேர்ந்தது. சட்டத்தில் கம்பெனி வேறு, முதலாளி வேறு என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு 11 லட்சத்துக்கு மேல் செலவாகியிருக்கிறது.

அந்த இரண்டு இயக்குநர்களில் முதலாளியாக இருந்தவரை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். என் வீட்டுக்காரர் முன்பு அவரிடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். 2022 தீபாவளி முடிந்து ஆள்கள் ஊரிலிருந்து திரும்பாத வாரத்தில் அவரே போன் செய்தார். குழந்தைகள் டி-ஷர்ட், எண்பதாயிரம் பீஸுக்கு மேல் வரும், தையலும் செக்கிங்கும் சேர்த்து பீஸுக்கு 14 ரூபாய் என்றார். அந்த நேரத்தில் ஊரில் ஆர்டர் குறைந்திருந்தது. ரேட் பேசக்கூட இல்லை, ஒத்துக்கொண்டேன். கட்டிங் பீஸ் வந்த டெலிவரி சலானில் எப்போதும் பார்க்கிற பெயர்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பெயரின் நடுவில் ஒரு சொல் மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பில் எழுதும் பெண் கவனித்தாள். கேட்டதற்கு, “அதும் நம்ம கம்பெனிதானுங்க்கா, ஜிஎஸ்டிக்காகப் பிரிச்சிருக்கோம்” என்று அவர்கள் அக்கவுண்டன்ட் சொன்னார். நானும் விட்டுவிட்டேன்.

அவரிடம் இருந்தது இரண்டு கம்பெனி. வெளிநாட்டுக்குச் சரக்கு ஏற்றுவது பெரிய கம்பெனி. எங்களைப் போன்றவர்களிடம் வேலை வாங்குவது சின்னக் கம்பெனி. சின்னக் கம்பெனியின் செலுத்திய மூலதனம், அதாவது பங்குக்காகப் போட்ட பணம், 1 லட்சம் ரூபாய். அதற்கு மிஷின் கிடையாது, கட்டடம் கிடையாது. உட்கார்ந்திருந்த அறையின் வாடகை ஒப்பந்தம்கூடப் பெரிய கம்பெனி பெயரில். 2015இல் நீங்கள் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த 1 லட்சமும் கட்டாயமில்லை, பத்தாயிரம் போட்டாலும் கம்பெனி தொடங்கலாம். அதாவது 1 லட்ச ரூபாய்ப் பொறுப்போடு நிற்கும் ஒரு காகிதம், என்னிடம் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் வேலை வாங்கியிருக்கிறது. என்னைப் போல வேறு யார் யார் மாட்டினார்கள் என்று தெரியாது. ஒரு எம்பிராய்டரிக்காரரும் ஒரு அயர்னிங் காண்ட்ராக்டரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதை மட்டும் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் சனிக்கிழமை சாயங்காலம்தான் சம்பளம். திங்கட்கிழமையிலிருந்து ஒன்றரை ஷிப்ட் பார்த்த டெய்லர், சனிக்கிழமை ஆறு மணிக்குக் கையை மிஷினிலிருந்து எடுத்துவிட்டு என் மேஜையைப் பார்ப்பார். அன்றைக்கு வாங்கினால்தான் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கறி. 2023 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மூன்று மணிக்கே அந்த ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் எனக்கு இரண்டு தடவை டீ கொடுத்தாள். ஐந்தரைக்கு அவர் வெளியே வந்து, “ஏனுங்க அம்மணி, நான் எங்க ஓடிப்போயிடப் போறனா? வெள்ளிக்கிழமை பாத்துக்கலாமுங்க” என்றார். திரும்பும் வழியில் என் செயினை அடகு வைத்து 62 ஆயிரம் வாங்கிக்கொண்டு போய்ச் சம்பளம் கொடுத்தேன். அந்த ரசீது இன்னும் பர்ஸில் இருக்கிறது. செயின் இல்லை.

பிப்ரவரியில் வேலை முடிந்தது. மார்ச், ஏப்ரல், மே என்று வெள்ளிக்கிழமைகள் போயின. ஜூன் 10 தேதியிட்டு 4 லட்சத்துக்கு ஒரு செக் கொடுத்தார்கள். 12ஆம் தேதி பணமில்லை என்று திரும்பியது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம், ‘இடம் மாறிவிட்டார்’ என்று தபால்காரர் எழுதித் திருப்பிவிட்டார். ஆகஸ்ட் 4ஆம் தேதி செக் வழக்குப் போட்டோம். செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒருமுறை பெரிய கம்பெனி ஆபீஸில் அவரைப் பார்த்தேன். “கேஸெல்லாம் எதுக்கு அம்மணி, ஷிப்மென்ட் பணம் வந்ததும் உனக்குத்தான் முதல்ல” என்றார்.

அவர் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட தேதி செப்டம்பர் 13. புதன்கிழமை.

இது எனக்கு எப்படித் தெரியும்? பி.காம். படிக்கும் என் மகள்தான் அடுத்த வருடம் உங்கள் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தாள். ‘ஸ்ட்ரைக் ஆஃப்’, பெயர் நீக்கப்பட்டது என்று வந்தது. 100 ரூபாய் கட்டினால் ஆவணங்களைப் பார்க்கலாம் என்றாள், கட்டினோம். விண்ணப்பம், இழப்பீட்டுப் பத்திரம், பிரமாணப் பத்திரம், ஆடிட்டர் சான்றளித்த கணக்கு அறிக்கை, எல்லாம் வரிசையாக வந்தன. அந்தக் கணக்கு அறிக்கையில், கொடுக்கவேண்டியவை என்ற வரிக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. பூஜ்யம்கூட இல்லை. என் 24 மிஷினும் நான்கு மாதம் ஓடியதற்கு அந்தக் கோடுதான் கணக்கு.

இனி உங்களிடம் நேராகவே கேட்கிறேன். இந்தக் கோடு பொய் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான் போட்ட 13 பில்லும் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 கணக்கில் ஏறியிருக்கின்றன. அதற்கான வரி 56,500 ரூபாயை என் கையிலிருந்து, வராத பணத்துக்காக, தேதி தவறாமல் கட்டினேன். அந்த வரியை அவர்கள் உள்ளீட்டு வரவாக, அதாவது தாங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொண்டார்கள். 180 நாளில் எனக்குப் பணம் தராவிட்டால் அந்த வரவைத் திருப்பவேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. திருப்பினார்களா என்று யார் பார்த்தார்கள்? அது போகட்டும், என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித்துறையின் 26ஏஎஸ் அறிக்கையைப் பாருங்கள். 13 பில்லில் 9 பில்லுக்கு அவர்கள் 2 சதவீதம் டிடிஎஸ் (பணம் தருகிறவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டியிருக்கிறார்கள். பணத்தை எனக்குக் கொடுக்காமலே, பில்லைக் கணக்கில் வரவு வைத்துவிட்டுப் பிடித்தது அது. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு தரவேண்டியிருக்கிறது என்று வருமான வரித்துறையிடம் சொன்ன அதே வாய்தான், யாருக்கும் ஒன்றும் தரவேண்டியதில்லை என்று உங்களிடம் சொன்னது.

இன்னும் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் எந்தக் கம்பெனியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பாக்கியைக் காட்டி எம்எஸ்எம்இ-1 படிவம் தாக்கல் செய்யவேண்டும் என்று 2019 ஜனவரியில் உத்தரவு போட்டது நீங்கள்தான். எனக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு, இருக்கிறது, பில்லிலேயே அந்த எண் அச்சாகியிருக்கிறது. அந்தக் கம்பெனி அப்படியொரு படிவத்தைத் தாக்கல் செய்யவே இல்லை. செய்யாததை யாரும் கேட்கவும் இல்லை. குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும் கம்பெனியின் பெயரை நீக்கக்கூடாது என்று உங்கள் 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. எங்கள் செக் வழக்கு ஆகஸ்டிலேயே எண் வாங்கிவிட்டது. நீதிமன்ற இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நானே போனில் பார்க்கிறேன்.

முடியாத வேலையும் இல்லை இது. 2017-18இல் சுமார் 2.26 லட்சம் கம்பெனிகளின் பெயரை நீக்கினீர்கள். அப்போது அவற்றின் வங்கிக் கணக்குகளை முடக்கச் சொன்னீர்கள், பணமதிப்பு நீக்கத்தின்போது அவற்றில் எவ்வளவு போட்டு எடுத்தார்கள் என்றுகூட வங்கித் தகவலோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. தையல்காரிக்குப் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கத்தான் வழியில்லாமல் போகிறது.

விண்ணப்பம் வந்ததும் அமைச்சக இணையதளத்திலும் அரசிதழிலும் அறிவிப்புப் போட்டோம், ஆட்சேபம் சொல்ல 30 நாள் கொடுத்தோம், நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் காலை எட்டரைக்கு ஷெட்டைத் திறக்கிறவள். ஓவர்லாக்கில் ஊசி ஒடிந்தால் ஓடவேண்டும், நூல் கலர் மாறினால் ஓடவேண்டும். இதற்கு நடுவில் தினமும் அரசிதழைப் படித்து, எனக்குப் பாக்கி வைத்திருக்கிற கம்பெனி சாகப்போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? என் போன் நம்பர் ஜிஎஸ்டியில் இருக்கிறது, உத்யமில் இருக்கிறது. ரிட்டர்ன் ஒருநாள் தாமதமானால் உடனே எஸ்எம்எஸ் வருகிறது. இதற்கு மட்டும் வரவில்லை.

சட்டத்தைத் தமிழில் எழுதி வாங்கிப் படித்தேன். மகள் வாசிக்க, வக்கீல் விளக்க, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 248ஆம் பிரிவு, கம்பெனி தன் கடன்களை எல்லாம் தீர்த்துவிட்ட பிறகுதான் பெயர் நீக்கக் கேட்கலாம் என்கிறது. கடன்களைத் தீர்க்கப் போதிய ஏற்பாடு இருக்கிறதா என்று பதிவாளர் திருப்தி அடையவேண்டும் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் திருப்தி எதிலிருந்து வருகிறது? பாக்கி வைத்தவர் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து. கடன்காரனிடமே போய் ‘உனக்குக் கடன் இருக்கிறதா’ என்று கேட்டு, ‘இல்லை’ என்றதும் சரி என்று எழுந்து வருவதற்குப் பெயர் விசாரணையா?

அதே பிரிவின் ஏழாம் உட்பிரிவைப் படித்தபோது முதலில் எனக்கு நம்பிக்கை வந்தது. கம்பெனி கலைந்தாலும் இயக்குநர்களின் பொறுப்பு தொடரும், கலையாததுபோலவே அமல்படுத்தலாம் என்று இருக்கிறது. வக்கீல் பென்சிலால் ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக் காட்டினார். ‘ஏதேனும் இருப்பின்’. இயக்குநருக்குப் பொறுப்பு ஏதேனும் இருப்பின் தொடரும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கடனுக்கு இயக்குநர் தனிப்பட்ட முறையில் பொறுப்பில்லை என்பதுதானே அடிப்படையே. அப்படியானால் தொடர்வதற்கு என்ன இருக்கிறது? ஒரு கையால் கொடுத்ததை அந்த இரண்டு சொல்லால் மறுகை வாங்கிக்கொள்கிறது.

251ஆம் பிரிவு இன்னும் பலமாகத் தெரிகிறது. கடனிலிருந்து தப்பிக்கவோ கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவோ பெயர் நீக்க விண்ணப்பித்தது ‘கண்டறியப்பட்டால்’, நிர்வாகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நஷ்டப்பட்டவருக்குக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு, மோசடிக்கான தண்டனையும் உண்டு. மோசடி என்றால் 447ஆம் பிரிவில் பத்து வருடம்வரை சிறை. சரி, கண்டறியப்பட்டால் என்றால் யார் கண்டறிவது? நானா? நான் கண்டறிந்துவிட்டேன். 100 ரூபாயில் கண்டறிந்தேன். அதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் அது ‘கண்டறியப்பட்டது’ ஆகும் என்று எந்தப் படிவத்திலும் இல்லை.

மற்ற கதவுகளைத் தட்டவில்லை என்று நினைக்காதீர்கள். திவால் சட்டத்தில் போகலாமென்றால், மனுப் போடக் குறைந்தது இவ்வளவு பாக்கி இருக்கவேண்டும் என்ற வரம்பை 2020 மார்ச்சில் 1 லட்சத்திலிருந்து 1 கோடியாக ஏற்றிவிட்டீர்கள். எங்கள் தெருவில் உள்ள எல்லா யூனிட்டின் பாக்கியையும் கூட்டினாலும் 1 கோடி வராது. குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதி மன்றத்தில் மனுப் போட்டோம். 45 நாளில் பணம், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் மாதாமாதம் கூட்டு வட்டி என்று 2006 சட்டம் அழகாகச் சொல்கிறது. எதிர்மனுதாரருக்குப் போன நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டது. சிவில் வழக்கென்றால் 3 சதவீதம் கோர்ட் கட்டணம், என் கணக்குக்கு 35 ஆயிரத்துக்கு மேல். கட்டலாம். ஆனால் பிரதிவாதி என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது?

செக் வழக்கில் இயக்குநர்கள் இருவரும் வந்து நிற்கிறார்கள், முதல் எதிரியான கம்பெனியே இல்லையே என்று அவர்கள் வக்கீல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சொல்கிறார். அதிலாவது இயக்குநர்களைத் தனியாகப் பிடிக்க வழியிருக்கிறது என்கிறார் எங்கள் வக்கீல். ஆனால் அது 4 லட்சத்துக்கு மட்டும். மிச்சம் 7,86,500 ரூபாய்க்கு அவர் சொன்ன வழி இதுதான்: சென்னையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், 252ஆம் பிரிவில் மனுப் போட்டு, அந்தக் கம்பெனியின் பெயரைப் பதிவேட்டில் திரும்பச் சேர்க்க வைக்கவேண்டும். பிறகு அதன்மேல் வழக்குப் போடவேண்டும்.

அவர் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குப் பணம் தராமல் செத்துப்போனவனை, நானே செலவு செய்து உயிர்கொடுத்து எழுப்பி, எழுந்து உட்கார்ந்த பிறகு பணம் கேட்கவேண்டும். எழுந்தாலும் அவன் சட்டைப்பையில் இருப்பது 1 லட்சம்.

இதற்கிடையில் அந்தப் பெரிய கம்பெனி நன்றாக நடக்கிறது. ஜாப் ஒர்க் வாங்க இன்னொரு சின்னக் கம்பெனி வந்திருக்கிறது, அதில் இயக்குநர்கள் அவர் மனைவியும் அண்ணன் மகனும். பெயரின் நடுவில் மறுபடி ஒரு சொல் மாறியிருக்கிறது. போர்டின் எழுத்தும் நிறமும் அதேதான்.

என் மகளின் கம்பெனிச் சட்டப் புத்தகத்தில் முதல் பாடமே சாலமன் வழக்கு. லண்டனில் தோல் செருப்பும் பூட்ஸும் செய்த ஆரோன் சாலமன், 1892இல் தன் கடையை ஒரு லிமிடெட் கம்பெனியாக்கினார். பங்குகள் எல்லாம் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான். கம்பெனி நொடித்தது. சரக்குக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கீழ்க் கோர்ட்டுகள் சாலமன்தான் கொடுக்கவேண்டும் என்றன. 1896 நவம்பரில், அன்றைக்கு அங்கே கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை, கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள் என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு வெள்ளைக்காரப் பிரபு ஒருவர் கடன் கொடுத்தவர்களைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. அந்த மனிதரோடு நெடுநாள் பழகியிருக்கிறோம், எப்போதும் பணம் கொடுத்தவர்தானே என்று நம்பியிருப்பார்கள், அவர்கள் தங்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்றாராம். ஒன்பது வருடப் பழக்கத்தை நம்பிய என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சாலமன் கம்பெனி ஊரறியக் கலைக்கப்பட்டது. கணக்கை எடுத்துப் பார்க்க ஒரு கலைப்பாளர் இருந்தார். மேசை நாற்காலி வரை விற்று யாருக்கு என்ன வரும் என்று பார்த்தார்கள். எனக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லையே.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். என் யூனிட்டும் பிரைவேட் லிமிடெட்தான். 2018இல் ஆடிட்டர் சொல்லிப் பதிவு செய்தோம். மிஷின் வாங்க 18 லட்சம் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, நீங்கள் தந்த ‘லிமிடெட்’ என்ற சொல்லை மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் வீட்டுக்காரரும் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டோம், வீட்டுப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி கட்டாவிட்டால் முழுக் கடனும் எங்கள் தலையில். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்பு அளவுக்கே விரியும் என்பது 1872 ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வருகிறது. கம்பெனி திவாலானாலும் தனிநபர் ஜாமீன்தாரரை விடமுடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. வங்கிக்கு முன்னால் என் பொறுப்புக்கு வரையறை கிடையாது. எனக்கு முன்னால் அவர் பொறுப்புக்கு 1 லட்சம் வரையறை. வங்கிக்கு ஜாமீன் கேட்க வக்கீல் படை இருக்கிறது. கட்டிங் பீஸை இறக்கும்போது முதலாளியிடம் ஜாமீன் கேட்டால் டெம்போ அடுத்த யூனிட்டுக்குப் போய்விடும்.

‘லிமிடெட்’ தரும் வரையறுத்த பொறுப்பே கூடாது என்று நான் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் தொழிலுக்கே வந்திருக்கமாட்டார்கள். கொரோனாவில் எங்களுக்கு ஆர்டர் கொடுத்த இன்னொருவர் உண்மையாகவே நொடித்துப்போனார். வெளிநாட்டு வியாபாரி சரக்கை எடுக்காமல் விட்டுவிட்டார். அவர் கணக்கு நோட்டை எங்கள் முன்னால் விரித்துவைத்து, இவ்வளவுதான் இருக்கிறது என்று காட்டினார். பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை மாதம் இருபதாயிரமாக வாங்கிக்கொண்டோம். அவரை இன்றைக்கும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். தோற்றவருக்கு இந்தச் சட்டம் குடையாக இருக்கட்டும். பொய்ச் சத்தியம் செய்தவருக்கும் அதே குடையைப் பிடிக்காதீர்கள்.

நான் கேட்பது இவை.

பெயர் நீக்க விண்ணப்பம் வந்தால், கையெழுத்துக்கு முன் அதை ஜிஎஸ்டி பில்களோடும் டிடிஎஸ் கணக்கோடும் எம்எஸ்எம்இ-1 படிவத்தோடும் நீதிமன்றப் பதிவோடும் ஒப்பிடுங்கள். 2023 மே மாதத்திலிருந்து இந்த விண்ணப்பங்களை எல்லாம் ஒரே மையத்தில் வாங்கி வேகமாக முடிக்கிறீர்கள். வேகம் வரட்டும், ஒப்பீடும் கூடவே வரட்டும். கடைசி இரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனிக்குப் பில் போட்ட எல்லோருக்கும் அவர்கள் ஜிஎஸ்டியில் கொடுத்த எண்ணுக்கு அவரவர் மொழியில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள் போதாது, 90 நாள் வேண்டும். ஆட்சேபம் வந்துவிட்டால், பாக்கி தீர்ந்ததற்குப் பாக்கி வாங்கியவரின் கையெழுத்து இல்லாமல் பெயரை நீக்காதீர்கள்.

இயக்குநர்கள் கொடுத்த தவறான தகவலால் பெயர் நீக்கப்பட்டிருந்தால், பதிவாளரே தீர்ப்பாயத்துக்குப் போய்த் திரும்பச் சேர்க்கக் கேட்கலாம் என்று 252ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மூன்று வருடத்துக்குள் கேட்கவேண்டும். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள். என்னைப் போன்றவர் ஆவணத்தோடு மனுக் கொடுக்க ஒரு படிவம் வையுங்கள், 30 நாளில் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள். செலவைப் பொய்ப் பத்திரம் கொடுத்தவர்களிடமிருந்து வாங்குங்கள். 251ஆம் பிரிவில் ‘கண்டறியப்பட்டால்’ என்பதற்கு யார், எத்தனை நாளில் என்று எழுதுங்கள். 25 லட்சத்துக்குக் குறைந்த பாக்கியில், பொய்ப் பிரமாணம் உறுதியானால், பணத்தைக் கையெழுத்திட்ட இயக்குநரிடமிருந்தே வசூலிக்க ஒரு வரி சேருங்கள். அப்போது அந்த ‘ஏதேனும் இருப்பின்’ என்ற சொல்லுக்கும் ஒரு அர்த்தம் வரும்.

இயக்குநர் எண்ணைத் தட்டினால் அவர் இதற்கு முன் எந்தெந்தக் கம்பெனியைக் கலைத்தார், அதன்மேல் யாருடைய ஆட்சேபம் இருக்கிறது என்று 100 ரூபாய் இல்லாமல் தெரியவேண்டும். டெம்போ வாசலில் நிற்கும்போதே நான் பார்த்துக்கொள்வேன்.

என் சொந்த விஷயத்தில்: 13 பில், 41 டெலிவரி சலான், 26ஏஎஸ் பக்கங்கள், திரும்பிவந்த செக், வழக்கு எண், செப்டம்பர் 13ஆம் தேதிப் பிரமாணப் பத்திரத்தின் நகல் எல்லாவற்றையும் தனி மனுவோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதிவாளருக்கு இருக்கும் மூன்று வருட அவகாசம் 2026 டிசம்பரில் முடிகிறது. அதற்குள் தீர்ப்பாயத்துக்குப் போவீர்களா, மாட்டீர்களா என்று எழுதித் தெரிவியுங்கள். மாட்டீர்கள் என்றால் காரணத்தையும் எழுதுங்கள், நான் உயர் நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் ஒரு பெண்,
திருப்பூர்